குறட்டையும் மூளை அலைகளும்

“படுத்தவுடன் குறட்டை, கொடுத்து வைத்த மனிதர்!” என்று முகப்புத் திண்ணையில் உறங்கும் பெரியவரைப் பார்த்துச் சொல்வது நம் செட்டிநாட்டு வீடுகளில் வழக்கம். குறட்டை என்றால் ஆழ்ந்த உறக்கம் என்பதே பொதுவான நம்பிக்கை. கும்பகருணனுக்கும் நாம் குறட்டையைத்தான் அடையாளமாகக் கொடுத்திருக்கிறோம். ஆனால் பலத்த குறட்டை விடுவோரில் ஒரு சாராருடைய மூளை இரவில் சரியாக உறங்குவதே இல்லை என்கிறது விஞ்ஞானம்.

விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் மூச்சுப் பாதையை விறைப்பாகத் திறந்து வைத்திருக்கின்றன. உறக்கத்தில் அவை தளர்கின்றன. பாதை குறுகினால் குறட்டை; முற்றிலும் அடைபட்டால் மூச்சே நின்றுவிடுகிறது. மார்பு ஏறி இறங்கும், காற்று உட்செல்லாது. இவ்வாறு பத்து விநாடிக்கு மேல் நிற்பதையே ‘தூக்க மூச்சடைப்பு’ என்கிறார்கள். இரத்தத்தில் பிராணவாயு குறைந்ததும் மூளை திடுக்கிட்டுச் சில விநாடிகள் விழிக்கிறது. தொண்டை திறக்கிறது, பெருமூச்சு, மீண்டும் உறக்கம். காலையில் இது எதுவும் அவர் நினைவில் இராது. மூச்சு நிற்பதும் மிகக் குறைவதும் சேர்ந்து மணிக்கு ஐந்து முறைக்குக் குறைவாக இருந்தால் பாதகமில்லை. முப்பதைத் தாண்டினால் நோய் கடுமையானது.

மூளைக்குள் நடப்பதை எப்படி அறிந்தார்கள்? ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். தலையின் தோல்மேல் சிறு மின்முனைகளை ஒட்டினாலே போதும். (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் காரைக்குடிக்கு மின்முனை புதிதன்று!) உறக்கத்தின் தொடக்கத்தில் அலைகள் சிறியவை. அடுத்த கட்டத்தில் ராட்டைக் கதிரைப் போல் நடுவில் பருத்து இரு முனையும் கூம்பிய அலைக்கொத்துகள் தோன்றும். ஆழ்ந்த உறக்கத்தில் விநாடிக்கு ஒன்றிரண்டாகப் பெரிய, மெதுவான அலைகள் எழும். இடையிடையே கண்விழிகள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் கனவு உறக்கமும் வரும்; இது 1953-இல் வெளிப்பட்ட உண்மை. பகலில் படித்ததை மனத்தில் பதிய வைப்பதில் இந்தக் கட்டங்களுக்குப் பங்கு உண்டு.

மூச்சடைப்புக்காரருக்கு இந்த ஏணியில் இறங்க வழியில்லை. மணிக்கு முப்பது முறை என்றால் இரண்டு நிமிடத்திற்கு ஒரு விழிப்பு. படிக்க உட்கார்ந்த மாணவனை இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை வாசலுக்கு அழைத்தால் அவன் என்ன படிப்பான்? பெரிய அலைகள் உருவாகும்போதே விழிப்பின் விரைவலைகள் குறுக்கிட்டு அவற்றைக் கலைத்துவிடுகின்றன.

முன்பு இந்நோய் முற்றியவர்களுக்குக் கழுத்தில் துளையிடுவதே வழியாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகர டாக்டர் காலின் சல்லிவன், மூக்கின் வழியே ஓயாமல் காற்றை மெல்ல அழுத்திச் செலுத்தினால் தொண்டை மூடாது என்று கண்டார். சைக்கிள் ட்யூப் காற்றடித்தால் விரிந்து நிற்பதில்லையா, அதே தத்துவம்தான். ஐந்து நோயாளிகளிடம் கண்ட பலனை 1981-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். இன்று ‘சிபாப்’ எனப்படும் கருவி இதுவே.

முகமூடி அணிந்த முதல் இரவிலேயே மூளை அலைகளில் மாறுதல் தெரிகிறது. நெடுநாள் பட்டினி கிடந்தவன் பந்தியில் அமர்ந்தாற்போல, ஆழ்ந்த உறக்கத்தையும் கனவு உறக்கத்தையும் மூளை வழக்கத்தைவிட மிகுதியாக எடுத்துக் கொள்கிறது. திடுக்கிடல்கள் குறைகின்றன. பகல் தூக்கமும் விரைவில் குறைகிறது.

நினைவாற்றல் முழுவதும் மீள்கிறதா? இங்கே சற்று நிதானம் தேவை. 2011-இல் இத்தாலிய ஆய்வாளர்கள், மூன்று மாத சிகிச்சைக்குப் பின் நினைவுக்குரிய மூளைப் பகுதியின் சாம்பல்நிறப் பொருள் கூடியதைக் கண்டனர். ஆனால் நோயாளிகள் பதினேழு பேர்தாம். ஏறத்தாழ 1,100 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2012-இல் வெளிவந்த பெரிய ஆய்விலோ, சிந்தனைத் திறனில் சிறிதளவு முன்னேற்றமே தென்பட்டது, அதுவும் நீடிக்கவில்லை. உறக்கம் உடனே திரும்புகிறது, அறிவுத்திறன் அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே நோயை முன்கூட்டியே கண்டுகொள்வது நல்லது.

இது மேல்நாட்டார் நோயன்று. 35 முதல் 65 வயதுவரையுள்ள மும்பை ஆண்களிடம் நடந்து 2004-இல் வெளிவந்த ஆய்வில், பகல் தூக்கத்தோடு கூடிய இந்நோய் 7.5 சதவீதம் பேருக்கு இருந்தது. பருமனானவர்க்கே அதிகம், எனினும் தாடை சிறுத்த ஒல்லியானவர்க்கும் வரும். இரவெல்லாம் பஸ் ஓட்டும் ஒருவருக்கு இது இருந்தால் பயணிகளின் கதி என்ன? (மதியம் முதல் வகுப்பில் கண்ணயரும் நண்பர்கள் எல்லாரும் நோயாளிகள் அல்லர், அதற்கு விடுதிச் சாப்பாடும் ஓரளவு காரணம்.)

மதுரையிலும் சென்னையிலும் ஓர் இரவு தங்கி மூளை அலை, மூச்சு, பிராணவாயு மூன்றையும் பதிவு செய்துகொள்ள வசதி உண்டு. ஆனால் உறங்குபவர் தாமாகப் போகமாட்டார்; அவருக்குத்தான் ஒன்றும் தெரியாதே! மூச்சு நிற்பதைப் பக்கத்தில் படுத்திருப்பவர்தாம் பார்த்துச் சொல்ல வேண்டும். கருவி வாங்கிய பின்னும் கவனிக்க வேண்டியவர் அவரே. உடம்பு தேறிவிட்டதென்று முகமூடியைக் கழற்றி வைத்தால், சில இரவுகளிலேயே மூச்சு நிற்கத் தொடங்கி, அலைகள் பழையபடி கலைந்துவிடுகின்றன.