எண்ணிட்ட பட்டியலும் பத்திப் பாணியும்: ஆய்வுரை, மொழிபெயர்ப்பு ஆக்கத்தில் சொற்செயலியின் பயன்பாடு

0. முன்னுரை

மொழியியல் ஆய்வுரைகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் எண்கள் மிகுதியாகப் பயில்கின்றன. இயல், பகுதி, விதி, எடுத்துக்காட்டு, அட்டவணை என ஒவ்வொன்றும் எண் பெறுகின்றது. '(14)-இல் கண்டவாறு', '3.2-ஐக் காண்க' என்றாற்போல் வரும் சுட்டுகளே வாதத்தின் கண்ணிகளை இணைக்கின்றன. இத்தகைய சுட்டு பிழைபடின் அதனை வெறும் அச்சுப்பிழை எனக் கொள்ளுதல் அரிது.

இக்கட்டுரையாளர் மதிப்பிட நேர்ந்த ஆய்வேடு ஒன்றில், வினையெச்சத் தொடர்களைப் பற்றிய இயலில் எடுத்துக்காட்டு ஒன்று இறுதி நேரத்தில் இடையே சேர்க்கப்பட்டிருந்தது. எண்கள் யாவும் கையால் தட்டச்சிடப்பட்டவை. எடுத்துக்காட்டுகளின் எண்களை ஆய்வாளர் திருத்திவிட்டார்; உரைநடையில் அவற்றைச் சுட்டும் எண்களைத் திருத்தவில்லை. அதனால், 'இத்தொடர் இலக்கணத்திற்கு ஒவ்வாதது' என்னும் கூற்று, யாவரும் இயல்பாக வழங்கும் தொடரொன்றைச் சுட்டி நின்றது. ஆய்வாளரின் மொழியறிவே ஐயத்திற்குள்ளாயிற்று. உண்மையில் குறை இருந்தது எண்ணிடும் முறையில்.

சொற்செயலியில் எண்ணிட்ட பட்டியலையும் பத்திப் பாணியையும் கையாளும் நெறியை இக்கட்டுரை விளக்குகின்றது. எவ்வெண்ணைச் செயலியின் பொறுப்பில் விடலாம், எவ்வெண்ணை விடலாகாது என்பதே இங்கு எழுப்பப்படும் முதன்மை வினா.

1. இருவகை எண்கள்

ஒரு பனுவலில் வரும் எண்களை இரண்டாகப் பகுக்கலாம். ஓர் உறுப்பு வரிசையில் நிற்கும் இடத்தை உணர்த்துவன ஒருவகை. இவற்றை இடஎண் எனலாம். ஓர் உறுப்புக்கு நிலையாக அமைந்து அதனை அடையாளப்படுத்துவன மற்றொரு வகை. இவற்றைப் பெயரெண் எனலாம். ஆய்வாளர் தம் கட்டுரையில் தரும் எடுத்துக்காட்டின் எண் இடஎண். முன்னே ஒன்று சேர்ந்தால் அது மாறுதல் வேண்டும். மேற்கோளாக வரும் மூலநூலின் எண் பெயரெண். எது சேரினும் நீங்கினும் அது மாறலாகாது.

இந்திய அரசியலமைப்பு பெயரெண்ணுக்குத் தெளிந்த சான்று. 86-ஆம் திருத்தச் சட்டம் (2002) கல்வி உரிமை பற்றிய புதிய உறுப்பைச் சேர்த்தபோது, 21-க்கும் 22-க்கும் இடையே '21ஏ' என்னும் எண் அமைக்கப்பட்டது. 22 முதலாக உள்ள உறுப்புகள் தம் எண்களை இழக்கவில்லை. நீக்கத்திற்கும் இதுவே நெறி. 19(1)-இல் சொத்துரிமை பற்றி அமைந்திருந்த (எஃப்) என்னும் உட்கூறு 44-ஆம் திருத்தச் சட்டத்தால் (1978) நீக்கப்பட்டது. தொழிலுரிமை பற்றிய (ஜி) இன்றும் (ஜி)-ஆகவே நிற்கின்றது; இடையில் ஓரிடம் வெறுமையாக உள்ளது.

இப்பகுதியை மொழிபெயர்ப்பவர் உட்கூறுகளைத் தானியங்கு பட்டியலாக அமைத்தால் நேர்வது யாது? செயலிக்கு வெற்றிடம் தெரியாது. ஆறாவதாக வருவதற்கு ஆறாம் எழுத்தையே அது தரும். தொழிலுரிமை, நீக்கப்பட்ட சொத்துரிமையின் குறியீட்டைப் பெற்றுவிடும். மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லும் பிழைபடாதிருக்க, சட்டம் பிழைபட்டுவிடும்.

தொல்காப்பிய நூற்பா எண்களும் இவ்வகையின. உரையாசிரியர்கள் சில நூற்பாக்களைப் பிரித்தும் சிலவற்றை இணைத்தும் கொண்டமையால் எண்ணிக்கை பதிப்புக்குப் பதிப்பு வேறுபடுகின்றது. ஆகவே நூற்பா எண்ணை எவ்வுரையின்படி எனச் சுட்டி அவ்வாறே தட்டச்சிடுதல் வேண்டும்.

எனவே முதல் விதி பின்வருமாறு அமையும்: எழுதுபவரின் வரிசைக்கு உரிய எண்ணைச் செயலி ஆக்கித் தருதல் வேண்டும், பிறர் நூலுக்கு உரிய எண்ணை எழுதுபவர் தாமே இடுதல் வேண்டும்.

2. பத்திப் பாணி: வகையும் வடிவமும்

எண்ணைச் செயலியிடம் ஒப்படைக்குமுன், ஒவ்வொரு பத்தியும் எவ்வகையினது என்பதைச் செயலிக்கு அறிவித்தல் வேண்டும். இதற்கெனவே பத்திப் பாணி அமைந்துள்ளது. 'தலைப்பு 1', 'உடற்பகுதி', 'மேற்கோள்', 'எடுத்துக்காட்டு' எனப் பத்தியின் பணியை உணர்த்தும் பெயரே பாணி. எழுத்தின் அளவு, தடிமன், உள்தள்ளல், வரியிடைவெளி ஆகியன அப்பெயரின் கீழ் ஓரிடத்தில் வரையறுக்கப்படுகின்றன. வரையறையை மாற்றினால் அப்பெயர் பெற்ற பத்திகள் அனைத்தும் மாறும்.

உருபனுக்கும் அதன் வடிவத்துக்கும் இடையே நாம் காணும் வேறுபாடு இங்குப் பொருந்தும். 'கத்தியால்' என்பதில் வரும் ஆல், 'வந்தால்' என்பதில் வரும் ஆல் ஆகியன வடிவத்தால் ஒன்று. முன்னது வேற்றுமை உருபு, பின்னது நிபந்தனைப் பொருள் தரும் விகுதி. அதுபோல, தடித்த பெரிய எழுத்தில் அமைந்த இரு வரிகளுள் ஒன்று 'தலைப்பு 1' என்னும் பாணி பெற்றதாகவும், மற்றொன்று வெறுமனே தடிமனாக்கப்பட்ட உடற்பகுதியாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. செயலியோ முன்னதை மட்டுமே தலைப்பெனக் கொண்டு எண்ணிடும், பொருளடக்கத்தில் சேர்க்கும்.

இக்கருத்து புதியதன்று. பிரையன் ரீட் உருவாக்கிய ஸ்கிரைப் என்னும் அமைப்பு 1980-ஆம் ஆண்டளவிலேயே பனுவலின் கூறுகளைப் பணியால் பெயரிட்டு, தோற்றத்தைத் தனியே வரையறுத்தது. 1986-இல் பன்னாட்டுத் தரமான எஸ்ஜிஎம்எல், லெஸ்லி லாம்போர்ட்டின் லாடெக் ஆகியனவும் அவ்வழியில் அமைந்தவை. மைக்ரோசாஃப்ட் வேர்டு, லிப்ரே ஆபீஸ் ரைட்டர் முதலிய சொற்செயலிகளில் பாணி என்னும் பெயரில் அதே கோட்பாடு செயற்படுகின்றது.

பாணிகள் ஒன்றிலிருந்து ஒன்று பண்புகளைப் பெறும். 'எடுத்துக்காட்டு' என்பதை 'உடற்பகுதி'யின் வழிப்பாணியாக அமைத்தால், மாற்றிக் கூறாத பண்புகள் அனைத்தும் தாய்ப்பாணியிலிருந்து வந்து சேரும். அடிப்படை எழுத்துருவைத் தாய்ப்பாணியில் ஒருமுறை மாற்றினால் போதும்.

3. செயலி எண்ணைக் கொண்டிருக்கும் முறை

தானியங்கு எண் பத்தியின் உரையில் எழுத்தாகப் பதிவதில்லை. வேர்டு கோப்பில் ஒவ்வொரு பத்தியும் 'இன்ன பட்டியலைச் சேர்ந்தது, இன்ன படிநிலையினது' என்னும் இரு செய்திகளையே தாங்கியுள்ளது. பட்டியல்களின் வரையறை கோப்பினுள் தனிப்பகுதியாக வைக்கப்பட்டுள்ளது. திரையில் காணும் '7' என்பது எண்ணிப் பெறப்படும் விளைவு. வேர்டு ஒரு பட்டியலுக்கு ஒன்பது படிநிலைகளையும், ரைட்டர் பத்துப் படிநிலைகளையும் தருகின்றன.

இதனை அறிந்தால் பல குழப்பங்கள் நீங்கும். முதலாவது, தேடுபெட்டியில் '(7)' எனத் தேடினால் தானியங்கு எண் அகப்படாது. கோப்பின் உரையை மட்டும் பிரித்தெடுத்துத் தரவகம் அமைப்போர் எண்களை இழக்கவும் கூடும். இரண்டாவது, தொடர்ந்து வருவதாகத் தோன்றும் எண்கள் ஒரே பட்டியலைச் சேர்ந்தனவாக இருக்கவேண்டுவதில்லை. வேறு கோப்பிலிருந்து பத்திகளைப் படியெடுத்து ஒட்டும்போது புதிய பட்டியல் ஒன்று உட்புகும். 6-க்குப் பின் திடீரென 1 தோன்றுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அவ்விடத்தில் 'எண்ணைத் தொடர்க' எனப் பணித்துச் சரிசெய்வது தற்காலிகத் தீர்வே. அடுத்த ஒட்டலில் அது மீண்டும் குலையும்.

நிலையான தீர்வு, பட்டியலின் ஒவ்வொரு படிநிலையையும் ஒரு பத்திப் பாணியோடு இணைத்துவிடுதல். வேர்டில் பன்னிலைப் பட்டியலை வரையறுக்கும் இடத்திலும், ரைட்டரில் பத்திப் பாணியின் அமைப்பிலும் இவ்வசதி உள்ளது. இணைத்தபின் எண் பொத்தானைத் தொடவேண்டுவதில்லை. பாணியைச் சூட்டினாலே எண் வரும்.

எண் எவ்விடத்தில் மீண்டும் 1 ஆகவேண்டும் என்பதையும் வரையறையில் குறித்தல் வேண்டும். திருக்குறளில் நாற்பதாம் அதிகாரமாகிய கல்வியின் முதற்குறளை 40-ஆம் அதிகாரம், 1 எனவும் கூறலாம். 391 எனவும் கூறலாம். முன்னதில் எண்ணிக்கை அதிகாரந்தோறும் தொடங்குகின்றது. பின்னதில் நூல் முழுதும் ஓடுகின்றது. ஆய்வேட்டின் எடுத்துக்காட்டுகளுக்கும் இவ்விரு நெறிகளுள் ஒன்றைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ளுதல் நன்று.

4. எடுத்துக்காட்டுகளின் அமைப்பு

மொழியியல் எடுத்துக்காட்டு பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட வரிகளை உடையது:

(1) கண்ணன் நூலைப் படித்தான்
கண்ணன் நூல்-ஐ படி-த்த்-ஆன்
கண்ணன் நூல்-இரண்டாம் வேற்றுமை படி-இறந்தகாலம்-ஆண்பால்

இம்மூன்று வரிகளுக்கும் மூன்று பாணிகள் தேவை. முதல்வரிப் பாணி மட்டும் எண்பட்டியலோடு இணைக்கப்படும். ஏனைய இரண்டும் அதே உள்தள்ளலை எண்ணின்றிப் பெறும். 'அடுத்த பாணி' என்னும் அமைப்பில் முதல்வரிக்குப்பின் உருபன்வரி, அதற்குப்பின் பொருள்வரி, அதற்குப்பின் உடற்பகுதி எனக் குறித்துவிட்டால், வரிமாற்று விசையை அழுத்துந்தோறும் உரிய பாணி தானே அமையும். முதலிரு வரிகளுக்கும் 'அடுத்த பத்தியோடு சேர்ந்து நிற்க' என்னும் பண்பை அளித்தால் எடுத்துக்காட்டு இரு பக்கங்களில் பிளவுபடாது.

உரைநடையில் எடுத்துக்காட்டைச் சுட்டும் எண்ணையும் தட்டச்சிடலாகாது. குறுக்குச் சுட்டு என்னும் வசதியால் அதனைச் செருகுதல் வேண்டும். இலக்கு எண் மாறினால் சுட்டும் மாறும். ஆயினும் வேர்டில் இம்மாற்றம் உடனே நிகழாது. ஆவணம் முழுவதையும் தெரிந்து எஃப்9 விசையை அழுத்திய பின்னரே புதுப்பிக்கப்படும். இலக்கை நீக்கிவிட்டால் சுட்டு நின்ற இடத்தில் பிழைச்செய்தி தோன்றும். அச்சுக்கு அனுப்புமுன் இவ்விரண்டையும் சோதித்தல் இன்றியமையாதது.

தமிழில் சுட்டெண்ணை அடுத்து வேற்றுமை உருபு வரும்: '(14)-ஐக் காண்க', '(14)-இல்'. உருபைச் சுட்டுக்கு வெளியே தட்டச்சிடுதல் வேண்டும். எண் மாறினால் உருபும் மாறவேண்டுமோ என்னும் ஐயம் எழலாம். ஒன்று முதல் எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது வரையுள்ள எண்ணுப்பெயர்கள் யாவும் உகரத்தில் முடிவன. மகர ஈறு தொள்ளாயிரத்தில்தான் முதலில் தோன்றுகின்றது. ஆகவே எண் 14 ஆயினும் 15 ஆயினும், இடைக்கோட்டை அடுத்து வரும் -ஐ, -இல், -க்கு என்பன மாறா.

5. மொழிபெயர்ப்பாளர் கவனத்திற்கு

மூலக்கோப்பு பாணிகளால் அமைந்ததாயின், பத்தியின் மேலேயே மொழிபெயர்ப்பைத் தட்டச்சிட்டுப் பாணியைக் காத்தல் வேண்டும். வேறிடத்தில் எழுதிப் பின்னர் ஒட்டினால் பாணியும் பட்டியலும் குலையக்கூடும். ஒட்டவேண்டிய நிலை ஏற்படின் வடிவமைப்பு நீக்கிய வெற்றுரையாக ஒட்டுதல் பாதுகாப்பானது.

மொழிபெயர்ப்பு நினைவகக் கருவிகளைப் பயன்படுத்துவோர்க்கு வேறொரு பயனும் உண்டு. தானியங்கு எண் மொழிபெயர்க்கவேண்டிய கூற்றின் உறுப்பாக வருவதில்லை. கையால் இட்ட எண்ணோ கூற்றின் ஒரு பகுதியாகிவிடும். எண்ணை அடுத்த புள்ளியைத் தொடரின் முடிவெனக் கருவி கருதிக் கூற்றைத் துண்டாக்கவும் கூடும். குறுக்குச் சுட்டுகள் கருவியில் குறியீடுகளாகத் தோன்றும். தமிழ்த் தொடரமைப்புக்கேற்ப அவற்றை இடம்மாற்றலாம். அழித்துவிட்டு எண்ணைத் தட்டச்சிடலாகாது.

எண்ணும் புள்ளியும் இட்டு எழுதத் தொடங்கினால் செயலி தானே அதனைப் பட்டியலாக்கும் இயல்பினது. சட்டப்பிரிவு, நூற்பா முதலிய பெயரெண்களைக் கையாளும் பணியில் இவ்வமைப்பை முதலிலேயே நிறுத்திவைத்தல் நன்று.

6. தமிழ் எழுத்து வரிசை

உட்பிரிவுகளை அ, ஆ, இ எனக் குறிப்பது தமிழ் வழக்கு. ஆயின் வேர்டு கோப்புவடிவத்தின் தரநிலையில் பெயரிட்டு வரையறுக்கப்பட்ட எண்வடிவங்களுள் இந்தி உயிர், இந்தி மெய், தாய் எழுத்து ஆகியன உள்ளன. தமிழ் எழுத்து வரிசை இடம்பெறவில்லை. இணையப் பக்கங்களுக்குரிய சிஎஸ்எஸ் தரநிலையில் 'தமிழ்' என்னும் பெயரில் உள்ளது தமிழ் எண்குறிகளின் வரிசையே.

நம்மிடையேயும் தீராத வினா ஒன்று உண்டு. பன்னிரண்டாவதாகிய ஔ-வுக்குப்பின் வருவது யாது? ஆய்தமா, ககரமா? சிலர் தொடக்கத்திலிருந்தே க, ங, ச என இடுவதும் உண்டு. வரிசை இன்னதென அறுதியிடாமல் அதனைச் செயலியில் சேர்க்குமாறு கேட்டல் இயலாது. இது கணினியியலார் தீர்க்கவேண்டியதன்று. மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கூடி முடிவுசெய்யவேண்டியது. அதுவரை உட்பிரிவுகளுக்கு 1.1, 1.2 என்னும் முறையைக் கொள்ளலாம். எழுத்தே வேண்டுமாயின் எண்ணற்ற பாணியொன்றில் அதனைக் கையால் இட்டு, தலைமை எண்ணை மட்டும் செயலியிடம் விடலாம்.

7. முடிவுரை

எண்ணைக் காணுந்தோறும் 'இது இடமா, பெயரா?' என வினவுதல் வேண்டும். இடமாயின், பத்திக்கு உரிய பாணியைச் சூட்டி எண்ணைச் செயலியிடம் விடுக. சுட்டுகளையும் அவ்வாறே செருகுக. பெயராயின், மூலத்தில் உள்ளவாறே தட்டச்சிட்டுத் தானியங்கு எண் அதனைத் தீண்டாதவாறு காக்க. முன்னர்க் கூறிய ஆய்வேட்டின் எண்கள் யாவும் இடஎண்களே; அவை பெயரெண்களைப் போல் கையால் இடப்பட்டமையே அங்கு நேர்ந்த தவறு. அரசியலமைப்பின் (ஜி)-யைத் தானியங்கு பட்டியலில் இடுதல் அதற்கு நேர்மாறான தவறு. இரண்டையும் தவிர்ப்பதற்குக் கணினிப் புலமை வேண்டுவதில்லை. வகையையும் வடிவத்தையும் பிரித்துக் காணும் பயிற்சி போதும். அஃது இத்துறையினர்க்குப் பழகிய ஒன்றே.