பேர் எடுத்தவர்களும் பேர் விழுந்தவர்களும்

ஒருவரை 'ஃபேமஸ்' என்று சொன்னால், செய்த வேலைதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது என்று எடுத்துக்கொள்கிறோம். இலங்கையின் நாவலப்பிட்டி மலைகளின் தேயிலையைப் பார்த்தால் இந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. 1867இல் கண்டிச் சீமையின் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டு, அது இங்கே வியாபாரப் பயிராகும் என்று காட்டியவர் ஜேம்ஸ் டெய்லர். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டு, தோட்டங்கள் ஒவ்வொன்றாக நொடித்தபோது துரைமார் பிடித்துக்கொண்டது அவர் வழியைத்தான். கோப்பியை நம்பி 1874இல் நாவலப்பிட்டிவரை வந்த ரயில்பாதையும் பிறகு தேயிலையைத்தான் கொழும்புக்கு இறக்கியது. ஆனால் உலகம் அறிந்த பெயர் தோமஸ் லிப்டன். அவர் இலங்கைக்கு வந்ததே 1890இல். டெய்லர் 1892இல் லூல்கந்துரவிலேயே இறந்தார். லிப்டனுக்கு 1898இல் 'சேர்' பட்டம் கிடைத்தது.

லிப்டனின் கெட்டித்தனம் லேசுப்பட்டதா என்று கேட்கலாம். தனக்கிருந்த கடைகள் வழியாக, தேயிலையைப் பக்கற்றில் அடைத்து, மலிவு விலையில் சாதாரணச் சனங்களிடம் சேர்த்தவர் அவர். சரக்கு மட்டமென்றால் எந்த விளம்பரமும் நெடுநாள் தாங்காது என்பதும் சரியே. ஆனால் அந்தச் சரக்கின் தரம் மலையிலேயே தொடங்குகிறது. இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கிள்ளாமல் முற்றல் இலை கலந்தால் தேநீரின் ருசி கெடும். அப்படிக் கிள்ளியவர்களுக்குத் தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் கூலி. சொன்ன நிறைக்குக் கொழுந்து வராவிட்டால் அரைப் பேர்.

எந்தத் தொழிலிலும் பாடுபடுகிறவரை யாருக்கும் தெரியாதுதானே என்று சிலர் சொல்வார்கள். மலையகத்தில் நடந்தது அதற்கும் மேலே. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1972இல் நாட்டின் பெயர் இலங்கைக் குடியரசு என்று மாறியபோதும் 'சிலோன் டீ' என்ற பெயரை வியாபாரிகள் விடவில்லை. அதற்கிருந்த மவுசு அப்படி. சரக்கின் பெயரைக் காக்கத் தெரிந்தவர்களுக்கு, அதை விளைவித்தவர்களைக் குடிமக்களாக ஏற்க மனம் வரவில்லை. அந்த மக்கள் வாயற்றவர்களுமல்ல; அவர்களுடைய பாடல்களை மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தேடித் திரட்டியிருக்கிறார். ஆகவே பிரபலம் என்பது சந்தைவரை யாருடைய பெயர் போய்ச் சேர்ந்தது என்பதற்கான கணக்கு. வேலையின் மதிப்பை அதைக்கொண்டு அளந்தால், பக்கற்றில் அச்சான பெயருக்கு முழுப் பேரும், கொழுந்து கிள்ளியவர்களுக்கு அரைப் பேரும் போடுகிறோம்.