மாதவிலக்கு நின்றபின் வரும் வறட்சி

மாதவிலக்கு நின்ற தாய்மார்கள் பலர் பிறப்புறுப்பில் வறட்சி, எரிச்சல், கூடும்போது வலி ஆகியவற்றால் அல்லலுறுகின்றனர். உடல் சூடு என்று மோர் பருகிப் பொறுத்துக்கொள்வதே வழக்கம். கணவரோ, மனைவி தம்மை வெறுத்து விலகுவதாக எண்ணுகிறார். பல வீடுகளின் மனத்தாங்கல் இவ்விதமே தொடங்குகிறது.

சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பது குறைவதே இதற்குக் காரணம். உட்தோல் மெலிந்து ஈரம் குன்றுகிறது. சிறுநீர் எரிச்சலும் அடிக்கடி வரக்கூடும். விலக்கு நிற்குங்காலத்து உடற்கொதிப்பு பெரும்பாலோர்க்கு நாளடைவில் தணியும். இவ்வறட்சியோ சிகிச்சையின்றி நீடிப்பதே பெரும்பான்மை.

சோப்பும் கிருமிநாசினியும் இட்டு உட்புறத்தைக் கழுவுதல் எரிச்சலை வளர்க்கும். மருந்துக் கடையில் கிடைக்கும், எண்ணெய் கலவாத வழவழப்பு ஜெல்லி கூடும் வேளையில் உதவும். அது போதாவிடின், குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் அடங்கிய களிம்பை டாக்டர் எழுதித் தருவார். சில வாரங்களில் குணம் தெரியும். மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் அதனை முன்னதாகவே டாக்டரிடம் கூறுதல் வேண்டும்.

விலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி இரத்தம் கண்டாலும் வறட்சியென்று வாளாவிருத்தல் ஆகாது. அது கருப்பைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். தாமதியாது ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்க.

இவற்றை ஆடவர் முன்னிலையில் தாய்மார்கள் சொல்லமாட்டார்கள். கிராம சுகாதாரச் செவிலியர் அவர்களுடன் தனித்துப் பேசப் பஞ்சாயத்துக் கட்டடத்தில் கதவுள்ள ஓர் அறையை அங்கத்தினர்கள் ஒதுக்கித் தரலாம்.