மலையோட்டத்துக்குப் பணம் கட்டும் முன்

ஆற்காடு, வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடி பக்கமெல்லாம் ஓடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். விடியற்காலையில் வேலூர் கோட்டைப் பக்கம் போனால் தெரியும். ஷூ கம்பெனியில் தையல் பிரிவு பார்ப்பவர், டேனரி கணக்காளர், கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று எல்லாரும் ஓடுகிறார்கள். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இவ்வளவு பரவியிருக்கிற ஊரில் ஒரு மருத்துவருக்கு இதைவிட மகிழ்ச்சி கிடையாது.

என் கவலை அடுத்த படியைப் பற்றியது. சமதளத்தில் இரண்டு மூன்று தடவை பத்து கிலோமீட்டர் ஓடியவர்கள், நண்பர் போட்ட போட்டோவைப் பார்த்து நேராக மலையோட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிடுகிறார்கள். உடம்புக்கு ஏதாவது ஆனாலும் அன்றைக்கே வருவதில்லை. மூன்றாம் நாள், நாலாம் நாள் வருகிறார்கள். அதற்குள் சுளுக்கு வழித்தாகிவிட்டது, மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டாகிவிட்டது, வீட்டு வைத்தியமும் முடிந்திருக்கும்.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் இளைஞர் ஒருவரைச் சொல்கிறேன். சனிக்கிழமை ஷிப்ட் முடித்து, இரவெல்லாம் வண்டியில் போய், தூங்காமல் ஞாயிறு காலை மலையில் ஓடினார். பாதி வழியில் தொடை பிடித்துக்கொண்டது. பையில் இருந்த வலி மாத்திரை இரண்டைப் போட்டுக்கொண்டு இறக்கத்தை முடித்து மெடலும் வாங்கிவிட்டார். திங்கட்கிழமை சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போயிருக்கிறது. "உடம்பு சூடு" என்று வீட்டில் முடிவு செய்து மூன்று நாள் இளநீரும் வெந்தயமும் கொடுத்தார்கள். வியாழக்கிழமை என் முன்னால் உட்கார்ந்தபோது கால் வீங்கியிருந்தது, சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டது. டயாலிசிஸ் செய்துதான் மீட்க முடிந்தது.

அந்த நிறம் சூட்டினால் வந்ததல்ல. தசை நார்கள் உடைந்து, அவற்றிலிருக்கும் மயோகுளோபின் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தை அடைத்து, சிறுநீரிலும் இறங்கியதால் வந்தது. மருத்துவத்தில் ராப்டோமயோலைசிஸ் என்போம். உடைந்த தசையிலிருந்து பொட்டாசியமும் ரத்தத்தில் ஏறும். அதன் மேல் பொட்டாசியம் நிறைந்த இளநீரைக் குடம் குடமாகக் கொடுத்தால் இதயமே நின்றுபோகலாம். நல்ல உடம்புக்கு இளநீர் நல்லது. சிறுநீர் வராத உடம்புக்கு அது ஆபத்து.

கிலோமீட்டர் ஏமாற்றும்

மலையோட்ட விளம்பரத்தில் 21, 50 என்று தூரத்தைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்பது கீழே பொடி எழுத்தில் இருக்கும். முதலில் அதைத் தேடுங்கள். உலக அளவில் மலையோட்டங்களை எடைபோட ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்தையும் ஒரு கிலோமீட்டராக எடுத்துத் தூரத்தோடு கூட்ட வேண்டும். 21 கிலோமீட்டரில் 1,200 மீட்டர் ஏற்றம் என்றால் உங்கள் உடம்புக்கு அது 33. ஏற்றமே போடாத விளம்பரமா? அந்த ஓட்டம் வேண்டாம்.

ஏற்றத்தைவிட எனக்கு இறக்கத்தின் மேல்தான் பயம். ஏறும்போது மூச்சு வாங்கும், நாமே நின்றுவிடுவோம். இறங்கும்போது மூச்சு சுகமாக இருக்கும், வேகம் தானாகக் கூடும். ஆனால் ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்புக்குப் பிரேக் போடுகிறது. தசை நார்களை அதிகம் உடைப்பது இந்த வேலைதான். வலி மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் உச்சத்துக்கு வரும், அதனால் ஓடும்போது தெரிவதில்லை.

இதற்குப் பழக்கம் ஒன்றே மருந்து. கலவை, ஆற்காடு பக்கத்தவர்களுக்குச் சோளிங்கர் பெரிய மலை இருக்கிறது, 1,305 படிகள். ஏறிப் பழகுகிற அளவுக்கு நிதானமாக இறங்கியும் பழகுங்கள். ரோப் காரில் இறங்கிவிட்டால் பயிற்சியில் பாதி போய்விடும். ஒரு வாரப் பயிற்சியில் மொத்தம் எத்தனை மீட்டர் ஏறி இறங்குகிறீர்களோ, முதல் ஓட்டத்தின் ஏற்றம் அதைத் தாண்டக் கூடாது.

நேரக் கெடுவையும் பாருங்கள். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டாலே அந்தக் கெடுவுக்குள் முடிக்க முடியாது என்று தெரிந்தால், மலையில் அதைத் துரத்திக்கொண்டு இறக்கத்தில் பாய்வீர்கள். கணுக்கால் மடங்குவது பெரும்பாலும் அப்படித்தான்.

என்னிடம் வருகிறவர்கள் நம்பிக்கொண்டு வருபவை

"ஓடறதுக்கு முன்னாடியே ஒரு வலி மாத்திரை போட்டுக்கிட்டா வலியே வராது சார்."

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஓடும்போது ரத்தம் தசைக்கும் தோலுக்கும் போகிறது, சிறுநீரகத்துக்குக் குறைகிறது. இருக்கிற கொஞ்ச ரத்த ஓட்டத்தையும் இறுக்கி அடைப்பவை ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள். நெடுந்தூரம் ஓடுகிறவர்களில் ஒரு பாதிக்கு ஐபுப்ரோஃபெனும் மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துச் செய்த ஆய்வு 2017ல் வெளிவந்தது. ஐபுப்ரோஃபென் எடுத்தவர்களில் 52 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கும் சிறுநீரகப் பாதிப்பு தெரிந்தது. அதாவது ஓட்டமே சிறுநீரகத்துக்குச் சுமை. மாத்திரை அதைக் கூட்டுகிறது. முட்டியில் ஊசி போட்டுக்கொண்டு ஓடப் போகிறேன் என்று கேட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். வலி இருந்தால் போகாதீர்கள், அவ்வளவுதான்.

"தண்ணி எவ்வளவு குடிச்சாலும் நல்லதுதானே?"

இல்லை. வியர்வையில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்து, மூளை வீங்கி, குழப்பமும் வலிப்பும் வரும். 2002ல் பாஸ்டன் மாரத்தானில் ஓடிய இளம்பெண் ஒருவர் இப்படித்தான் இறந்தார். அதே ஓட்டத்தில் ரத்தம் பரிசோதித்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தாகத்துக்குக் குடியுங்கள். நாலு மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் உப்பும் சேருங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் மேல் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரிலேயே கரையுங்கள். அரை பாட்டிலில் கொட்டிக் குலுக்கிக் குடித்தால் வாந்திதான் வரும். டெட்ரா பாக்கெட்டில் இனிப்பாக வந்த பல பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு விற்றுவந்தன. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே அந்தப் பெயரைத் தடுத்தது. வீட்டில் பழைய பாக்கெட் இருந்தால் மருந்தென்று நம்பி எடுத்துப் போகாதீர்கள்.

"சும்மா சுளுக்குதான் சார், வழிச்சா சரியாயிடும்."

கணுக்கால் மடங்கி வீங்கிய நாளிலேயே எண்ணெய் போட்டு அழுத்தி வழித்தால், கிழிந்த ஜவ்வு இன்னும் கிழியும், உள்ளே ரத்தக் கசிவு கூடும். எலும்பு விரிசலுக்கு மேல் வழித்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிய கட்டோடு வந்து, பிரித்துப் பார்த்தால் விரல்கள் நீலம் பாரித்திருந்ததும் உண்டு. நாலு அடி ஊன்றி நடக்க முடியவில்லை என்றால், கணுக்கால் மொட்டை அழுத்தினால் வலிக்கிறது என்றால், எக்ஸ்ரே எடுங்கள். அதுவரை துணியில் சுற்றிய ஐஸ், காலைத் தூக்கி வைப்பது, ஓய்வு. எண்ணெயைத் தொடாதீர்கள்.

"நல்ல கம்பெனி ஷூ, ஆம்பூர்ல பாதி விலைக்குக் கிடைச்சுது."

உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிற ஊர் நம்முடையது. ஏற்றுமதியில் கழித்த ஜோடி மலிவாகக் கிடைக்கும். ஆனால் தார் ரோட்டுக்கான வழவழப்பான அடித்தோல் ஈரப் பாறையில் நிற்காது. அடியில் ஆழமாக வெட்டிய பல் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். இறக்கத்தில் கால் முன்னால் தள்ளும், அதனால் விரலுக்கு முன்னால் கட்டை விரல் அகலத்துக்கு இடம் வேண்டும். இல்லாவிட்டால் நகம் கறுத்து விழும். புது ஷூவைப் போட்டி அன்றைக்கு முதன்முதலாகப் போடாதீர்கள்.

"ராத்திரி நல்லா பிரியாணி சாப்பிட்டா தெம்பு."

தெம்பு தருவது சோறுதான், அதை இட்லியாகவும் ரசம் சாதமாகவும் சாப்பிடலாம். கொழுப்பும் மசாலாவும் காலை ஐந்து மணிக்கு வயிற்றில் அப்படியே கிடக்கும். பிரியாணியை ஓடி முடித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

"லடாக் போறேன், கற்பூரம் மோந்தா போதுமாமே?"

லடாக்கின் லே நகரமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரம். லடாக் மாரத்தானை ஒட்டி நடக்கும் கர்துங் லா ஓட்டம் 72 கிலோமீட்டர், பதினேழாயிரம் அடிக்கு மேல் போகிறது. கற்பூரம் ரத்தத்தில் ஆக்சிஜனைக் கூட்டாது. பல நாள் முன்பே போய், தங்கி, உடம்பைப் பழக்குவது ஒன்றே வழி. மலை உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையைப் பயண ஏஜென்ட் சொன்னார் என்று வாங்கிப் போடாதீர்கள். ஏலகிரியும் ஜவ்வாதும் ஊட்டியும் பொதுவாக அந்த நோய் வருகிற உயரமல்ல. அங்கே மூச்சு திணறினால் மலையைக் காரணம் சொல்லாமல் இதயத்தைச் சந்தேகியுங்கள். 2024 மார்ச்சில் வெள்ளியங்கிரி ஏறிய பக்தர்களில் சிலர் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

எந்த மாதம்?

ஏப்ரல், மே மாதங்களில் வேலூர் வெயில் நாற்பதைத் தாண்டும். மலையடிவார ஓட்டம் எதையும் அப்போது எடுக்காதீர்கள். ஓடுகிறவர் உளறினால், தள்ளாடினால், அது வெப்பவாதம். முதலில் உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள், வண்டிக்குக் காத்திருக்கும் நிமிடங்களும் குளிர்விக்கத்தான். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கோடைக் காடு இன்னொரு ஆபத்து. 2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள்.

குளிரையும் லேசாக எண்ணாதீர்கள். வேலூரிலிருந்து ஊட்டி ஏறினாலே பன்னிரண்டு பதின்மூன்று டிகிரி குறையும், மழையும் காற்றும் சேர்ந்தால் இன்னும் குறையும். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாநிலத்தில் 100 கிலோமீட்டர் மலையோட்டம் ஓடிய 172 பேரில் 21 பேர் திடீர்க் குளிரில் விறைத்து இறந்தார்கள். நன்றாகப் பழகிய ஓட்டக்காரர்களும் அதில் இருந்தார்கள். பலர் மெல்லிய பனியனும் அரைக்கால் சட்டையுமாக இருந்தார்கள்.

மழைக்காலம் முடிந்து பிப்ரவரி வரை நம் மாவட்டங்களில் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் காலம். புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருவது. ஓடி முடித்துப் புல்லில் மல்லாந்து படுப்பவர்களுக்கு நல்ல வாய்ப்பு. ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் கடும் தலைவலியும் வரும். அக்குள், தொடை இடுக்கு, இடுப்புப் பட்டைக்குக் கீழே ஒரு கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு இருக்கலாம். வலிக்காது, அரிக்காது, அதனால் யாரும் பார்ப்பதில்லை. டாக்ஸிசைக்ளின் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். "வைரல் ஃபீவர்" என்று ஒரு வாரம் பாராசிட்டமால் போட்டுக் கடத்தினால் நுரையீரல், ஈரல், சிறுநீரகம் எல்லாம் போகும். தீவிர நிலைக்குப் போனவர்களுக்கு டாக்ஸிசைக்ளினோடு இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பதே மேல் என்று 2023ல் நிறுவிய ஆய்வை வழிநடத்தியது நம் வேலூர் சி.எம்.சி.தான். மருந்து பக்கத்திலேயே இருக்கிறது, மலைக்குப் போய்வந்தேன் என்று டாக்டரிடம் சொல்லத்தான் மறந்துவிடுகிறீர்கள்.

அமைப்பாளரிடம் கேளுங்கள்

வனத்துறை அனுமதி இருக்கிறதா? ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும், பாதையின் நடுவிலிருந்து ஆளைத் தூக்கிவர என்ன ஏற்பாடு? எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல்? கடைசியாக வருபவருக்குப் பின்னால் ஆள் வருவாரா? பாம்புக்கடி மருந்து எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது? கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உள்ள மலைகள் இவை. கடித்தால் கயிறு கட்டாமல், கீறாமல், காலை அசைக்காமல் தூக்கிவர வேண்டும்.

விசில், விளக்கு, மழைச்சட்டை, தண்ணீர் இவற்றைக் கட்டாயமாக்கி, பையைத் திறந்து சோதிக்கிற அமைப்பாளரைத் திட்டாதீர்கள். அவரிடம்தான் பணம் கட்ட வேண்டும்.

போட்டிக்கு முன் மலையை நடந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு, தமிழக அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' வழிகள் உண்டு. ஏலகிரி சுவாமிமலையும் ஜலகாம்பாறையும் அதில் இருக்கின்றன, வழிகாட்டியோடு போகலாம்.

பரிசோதனை

பணம் கட்டும் முன் எல்லாரும் பி.பி., சர்க்கரை, கிரியாட்டினின், ஈ.சி.ஜி. பாருங்கள்; நாற்பதைத் தாண்டியவர்களும், வீட்டில் யாரையாவது இளவயதில் மாரடைப்பில் இழந்தவர்களும் டாக்டரைக் கேட்டு டிரெட்மில் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்

நைட் ஷிப்ட் முடித்துவிட்டு மலைக்குப் போகாதீர்கள். நாளெல்லாம் டேனரி அனலில் நின்று வற்றிப்போன உடம்புக்கு ஓர் இரவுத் தூக்கமாவது கொடுங்கள். சர்க்கரை மாத்திரை, நீர் பிரியும் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஓட்டத்தன்று அதை எப்படி எடுப்பது என்று முன்பே வந்து கேளுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். எந்த மலை, எந்தப் பாதை, எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். ஜவ்வாது மலையில் பல இடத்தில் சிக்னல் கிடைக்காது.

முந்தின நாள் காய்ச்சலா, வயிற்றுப்போக்கா, போகாதீர்கள். "ரெண்டாயிரம் ரூபாய் கட்டியாச்சு சார்" என்பீர்கள். ஒரு தடவை டயாலிசிஸுக்கும் ஐ.சி.யூ.வுக்கும் ஆகும் செலவை உங்கள் ஊரில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஓடி வந்த இரண்டு மூன்று நாளில் சிறுநீர் கறுத்தாலோ, குறைந்தாலோ, தொடை கல்லாக இறுகினாலோ, இளநீர்க் கடைக்குப் போகாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள். நடு ராத்திரியாக இருந்தாலும் வாருங்கள். மாத்திரை ஏதாவது போட்டிருந்தால் அட்டையோடு எடுத்து வாருங்கள், நான் திட்டமாட்டேன்.