புரை முற்றக் காத்திருக்கலாமா?

கேளம்பாக்கம் ஒரு காலத்தில் உப்பளங்களால் பெயர் பெற்ற ஊர். நாள் முழுவதும் வெயிலில் நின்று உழைப்பவர்களின் கண்களைச் சூரியனின் புற ஊதாக் கதிர் தாக்குகிறது; அது புரை விழுவதற்கு ஒரு காரணமென்பது வைத்தியர்கள் கண்ட உண்மை. இன்று அவ்வூரில் செட்டிநாடு மருத்துவக் கல்லூரியின் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆயினும், "புரை இன்னும் முற்றவில்லை, முற்றட்டும், பார்க்கலாம்" என்ற பேச்சு நம் கிராமங்களில் ஒழிந்தபாடில்லை. இந்தப் பேச்சு எத்தனை முதியோரின் பார்வையைப் பாழாக்குகிறது என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

முற்காலத்தில் இந்த யோசனைக்கு நியாயம் இருந்தது. அன்றைய ரண சிகிச்சை முறைக்குப் புரை நன்கு முதிர்ந்திருப்பதே வசதி. 1967-ல் அமெரிக்க வைத்தியர் சார்லஸ் கெல்மன், செவிக்கெட்டாத ஒலி அலைகளால் புரையை உடைத்து உறிஞ்சியெடுக்கும் முறையைக் கண்டார். அன்று முதல் நிலைமை தலைகீழாயிற்று. இளம் புரை சிறிது சக்தியிலேயே கரைந்துவிடும். பழுப்பேறிக் கல்லாகிவிட்ட புரையை உடைப்பதற்கோ அதிக நேரமும் அதிக சக்தியும் வேண்டும். அந்த அதிர்வும் சூடும் கண்ணின் உட்பாகங்களை வருத்துகின்றன. இரத்தக் குழாய்களிலிருந்து புரதமும் அணுக்களும் கண்ணுக்குள்ளிருக்கும் தெளிந்த நீரில் கசிகின்றன. இதுவே அழற்சி. கருவிழியின் உட்புறத்திலுள்ள அணுக்களும் மடிகின்றன. மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை.

இன்னும் ஒன்று. புரை அளவுக்கு மீறி முற்றினால், கத்தி படாமலே அதன் புரதம் கசிந்து, கண் சிவந்து, உள்ளழுத்தம் ஏறி, பொறுக்க முடியாத வலி உண்டாகும். தாமதித்தால் பார்வை நரம்பே கெட்டுவிடும். பிறகு எந்த நிபுணரும் பார்வையை மீட்டுத் தர இயலாது.

"இப்போதுதான் லேசர் வந்துவிட்டதே!" என்று சிலர் கேட்கலாம். 2008-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் வைத்தியர் சோல்டான் நாகி இம்முறையை முதலில் மனிதர் கண்ணில் கையாண்டார். லேசர் கண்ணைத் திறந்து, வில்லையின் உறையில் வட்டமாக வாயில் வெட்டி, புரையைத் துண்டுபடுத்தும். ஆகவே பின்னர் வேண்டிய ஒலி அலையின் சக்தி குறையலாம். ஆனால் லேசருக்கும் ஒரு விலை உண்டு. அது பட்டவுடன் அழற்சியைத் தூண்டும் பொருள்கள் கண்ணில் பெருகி, கண்மணி சுருங்குவதுண்டு. அதைத் தடுக்க முன்கூட்டியே சொட்டு மருந்து இடுகிறார்கள். மேலும், மிகப் பழுத்த புரைக்குள் லேசர் ஒளி நன்றாக ஊடுருவுவதில்லை. யாருக்கு அந்த யந்திரம் அதிகம் தேவையோ, அவருக்கே அது முழுதும் பயன்படுவதில்லை!

பிரான்ஸ் தேசத்தில் 900-க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2020-ல் வெளியான ஆராய்ச்சி, லேசர் முறை பழைய முறையைவிடச் சிறந்த பலன் தரவில்லை என்றும், செலவே அதிகம் என்றும் தீர்ப்புக் கூறிற்று. யந்திரத்தை நாம் இகழவில்லை. அதன் பெயரில் ஏழைகள் ஏமாறக் கூடாது என்பதே நம் கருத்து.

வழி நம் நாட்டிலேயே இருக்கிறது. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் ஆஸ்பத்திரி, சிறு துளை வழியே கையாலேயே புரையை எடுக்கும் முறையை லட்சக்கணக்கானோருக்குக் கையாண்டிருக்கிறது. கெட்டியான புரைக்கும் அது ஏற்றது, செலவும் குறைவு. 1992 முதல் மதுரையிலேயே செயற்கை வில்லைகளும் மலிவாகத் தயாராகின்றன. சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் இச்சிகிச்சை இலவசம்.

ஆதலின் பணமில்லை என்பது காரணமாகாது. பழைய நம்பிக்கையே தடை. இதனை அகற்றுவது தொண்டர்களின் கடமை. ஊர்க்கூட்டங்களில் இதைச் சொல்லுங்கள். மங்கிய பார்வையுடன் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவரைக் கைப்பிடித்து இவ்வாரமே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அன்றாட வேலைக்குப் பார்வை இடையூறாகும் நாளே சிகிச்சைக்கு உரிய நாள். முற்றக் காத்திருப்பது கண்ணை இழக்கக் காத்திருப்பதே.