ஒட்டிய கன்னம்

திருப்பதி ரூயா மருத்துவமனையிலும் சித்தூர் அரசு மருத்துவமனையிலும் எச்.ஐ.வி. மாத்திரை இலவசம். முன்பு நம் நாட்டில் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று ஸ்டாவுடின். அது உயிரைக் காத்தது. ஆனால் சிலருக்குக் கன்னத்துக் கொழுப்பைக் கரைத்துவிட்டது. முகத்தைப் பார்த்தே ஊரார் நோயைக் கண்டுகொள்வார்களோ என்று அவர்கள் பயந்தார்கள். பாவம், வெளியே வரவே கூசினார்கள்.

2009இல் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைக் கைவிடச் சொன்னது. இப்போது இங்கே அதைக் கொடுப்பதில்லை. அதனால் மாத்திரைக்குப் பயப்பட வேண்டாம்.

ஒட்டிய கன்னத்தை ஊசி மருந்தால் நிரப்ப முடியுமா? பிரான்சில் 50 நோயாளிகளிடம் சோதித்தார்கள். தோலின் தடிமனை அளந்து, 96 வாரம் கவனித்தார்கள். தோல் தடித்தது. சிலருக்குத் தோலடியில் சிறு கட்டிகளும் வந்தன. 2004இல் அமெரிக்கா இந்த மருந்தை அனுமதித்தது. பலன் நிரந்தரம் அல்ல, செலவும் அதிகம்.

ஊசி வேண்டுமானால் தோல் டாக்டரிடம் கேளுங்கள். அழகு நிலையத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். நிரப்பும் மருந்து ரத்தக் குழாயில் ஏறினால் கண் பார்வையே போகலாம்.