பட்டுக்கோட்டையார் வகுத்த பாடத்திட்டம்

29 வயதில் மறைந்த ஒருவர் அதற்குள் 17 தொழில் பார்த்திருந்தார். விவசாயம், மாடு மேய்த்தல், மாட்டு வியாபாரம், மாம்பழ வியாபாரம், இட்லி வியாபாரம், முறுக்கு வியாபாரம், தேங்காய் வியாபாரம், கீற்று வியாபாரம், மீனும் நண்டும் பிடித்தல், உப்பள வேலை, மிஷின் டிரைவர், தண்ணீர் வண்டி, அரசியல், பாட்டு, நடிப்பு, நடனம், கடைசியாகக் கவிதை. பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் செங்கப்படுத்தான்காட்டில் 1930-இல் பிறந்த கல்யாணசுந்தரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பட்டியலைச் சொல்லி வியந்துவிட்டு, நேராகச் சினிமாப் பாட்டுக்குத் தாவிவிடுவார்கள். மே மாதம் முழுக்க வீட்டில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று விழிக்கிற பெற்றோர் இந்தப் பட்டியலிலேயே கொஞ்சம் நின்று பார்க்கலாம். வீட்டிலேயே கோடை முகாம் நடத்த இதைவிட நல்ல பாடத்திட்டத்தை நான் பார்த்ததில்லை.

அவர் இந்த வேலைகளைச் செய்தது வயிற்றுப்பாட்டுக்காக. பள்ளிக்கூடம் போன காலமோ மிகக் குறைவு. அந்த வறுமையை விளையாட்டுப் பொருளாக்கச் சொல்லவில்லை. ஆனால் இதே மண்ணில் வளரும் ஒரு பிள்ளை, இந்த 17-இல் நான்கையாவது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறதா? நாம் பணம் கட்டி அனுப்பும் சம்மர் கேம்ப்பில் அபாகஸ் இருக்கும், கையெழுத்துப் பயிற்சி இருக்கும், ஸ்போக்கன் இங்கிலீஷ் இருக்கும். மணி அடிக்காத பள்ளிக்கூடம், அவ்வளவுதான். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 1861-இல் பிரெடரிக் கன் என்ற பள்ளி ஆசிரியர் தன் மாணவர்களை நடத்தியே கூட்டிப்போய்க் கடற்கரையில் தங்கவைத்தார். நடை, படகு, மீன்பிடிப்பு என்று நாள்கள் போயின. கோடை முகாம்களின் தொடக்கமாக அதைத்தான் சொல்கிறார்கள். நமக்குக் கடற்கரை இன்னும் பக்கம். பட்டுக்கோட்டையில் பஸ் ஏறினால் அதிராம்பட்டினம் சுமார் 12 கிலோமீட்டர்.

நேர அட்டவணையை வெயிலிடம் விட்டுவிடுங்கள். மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம். காலை 6 மணியிலிருந்து 9 வரை வெளி வேலை, 11-லிருந்து 4 வரை கூரைக்குக் கீழே, மாலையில் தெரு. இதற்கு மேல் திட்டம் வேண்டாம். ஒரு வீட்டுப் பிள்ளைகளை மட்டும் வைத்து முகாம் நடத்தினால் மூன்றாம் நாளே சண்டைதான். தெருவில் ஆறேழு பேரைச் சேர்த்துக்கொண்டு, வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தால் வேலைக்குப் போகும் அம்மாக்களும் சமாளிக்கலாம். அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் வீடுகள் இங்கே நிறைய. அந்த வீட்டு அப்பாயிக்கும் அம்மாச்சிக்கும் ஆளுக்கு ஒரு நாள் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒரே தொழில், இரண்டு மணி நேரம். மீதிப் பொழுது பிள்ளைகளுடையது.

அந்த மீதிப் பொழுதில்தான் “போர் அடிக்குது” என்று வந்து நிற்பார்கள். உடனே செல்போனைக் கையில் கொடுக்காதீர்கள், இன்னொரு ‘ஆக்டிவிட்டி’யையும் கொடுக்காதீர்கள். கல்யாணசுந்தரம் முதல் பாட்டைக் கட்டியது 1946-இல், 15 வயதில். ஒரு நண்பகலில் துறையான்குளக் கரையில், வேப்பமர நிழலில் சும்மா உட்கார்ந்து தண்ணீரில் துள்ளும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது. அன்றைக்கு யாராவது அவரை அபாகஸ் வகுப்புக்கு இழுத்துப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துச் சிரித்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் தென்னை. பட்டுக்கோட்டையில் வேறெதில் தொடங்க முடியும்? விழுந்த மட்டை ஒன்றை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஊறவைத்து, கீற்று முடையத் தெரிந்த ஒருவரை உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். பார்க்கும்போது சுலபமாகத் தெரியும். விரல் வைத்த பிறகுதான் எந்த ஓலையை மேலே விடுவது, எதைக் கீழே விடுவது என்று திண்டாட வேண்டிவரும். கணக்கு வராது என்று பெயர் வாங்கிய பிள்ளை இதில் முந்திக்கொள்வதுண்டு. ஓலையில் காத்தாடி, பாம்பு, கைக்கடிகாரம், ஈர்க்கில் விளக்குமாறு, எந்தக் கடைக்கும் போக வேண்டியதில்லை.

அடுத்து மரத்தின் வயதைக் கண்டுபிடிப்பது. தென்னை மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 12 மட்டை விடும். விழுந்த மட்டை ஒவ்வொன்றும் தண்டில் ஒரு வடுவை விட்டுப்போகும். வடுக்களை எண்ணி 12-ஆல் வகுத்து, மேலே இருக்கும் மட்டைகளுக்கும் அடிமரத்தில் வடு தெரியாத முதல் சில ஆண்டுகளுக்கும் கொஞ்சம் கூட்டினால் தோராயமாக வயது வந்துவிடும். தாத்தாவிடம் கேட்டுச் சரிபார்க்கட்டும். அப்படிக் கேட்கப் போனால் பேச்சு கஜாவுக்குத்தான் போகும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வந்த அந்தப் புயலில் சாய்ந்த தோப்புகளை இங்கே யாரும் மறக்கவில்லை; வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததையும் மறக்கவில்லை. அன்று கைக்குழந்தையாக இருந்தவர்கள்தான் இன்று உங்கள் முகாமில் இருக்கிறார்கள். புயலுக்குப் பிறகு வைத்த நெட்டை ரகக் கன்று காய்க்க ஆறேழு ஆண்டு ஆகும். அதாவது பிள்ளைக்கும் மரத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. யார் வீட்டில் எத்தனை மரம் போனது, திரும்ப என்ன வைத்தார்கள், முதல் காய் எப்போது வந்தது என்று தெருவில் வீடு வீடாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். செல்போனுக்கும் இங்கே வேலை உண்டு: பேச்சைப் பதிவுசெய்ய. என்னைக் கேட்டால் முகாமில் இந்த ஒரு நோட்டு எழுதி முடித்தாலே போதும்.

உப்பளத்துக்கு மொட்டைமாடி போதும். அதிராம்பட்டினத்திலிருந்து பெரியவர் யாராவது ஒரு பாட்டிலில் கடல் தண்ணீர் கொண்டுவரட்டும். துணியில் வடிகட்டி அகலமான எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தால், ஒன்றிரண்டு நாளில் ஓரங்களில் வெள்ளையாகப் படியத் தொடங்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் இருக்கும். சமையல் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். தண்ணீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்புச் சத்துள்ளவை பிரியும், பிறகு சாப்பாட்டு உப்பு, கடைசியில் கசப்பான நீர் மிஞ்சும். உப்பளத்தில் அந்தக் கசப்பு நீரை வடித்து வெளியேற்றிவிடுவார்கள். மாடியில் விளைந்ததைக் குழம்பில் போட வேண்டாம். இதைச் செய்துவிட்டு உப்பளத்துக்கு ஒரு காலை கூட்டிப்போனால், அங்கே வெயிலில் வாருகோலோடு நிற்பவர் செய்யும் வேலை இன்னதென்று பிள்ளைக்குப் புரியும்.

மீன், நண்டுக்கு மல்லிப்பட்டினம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் படகுகள் கரையில் நிற்கும், பழுதுபார்ப்பு நடக்கும், வலை பின்னுவார்கள். மற்ற மாதங்களில் இந்தக் காட்சி கிடைக்காது. பக்கத்தில் இருக்கும் மனோராக் கோபுரத்தை நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காக இரண்டாம் சரபோஜி எழுப்பினார் என்றால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அந்தக் கடலில்தான் 2022-இல் அரசு கடற்பசு பாதுகாப்பகம் அறிவித்தது, 448 சதுர கிலோமீட்டர் பரப்பில்.

மாடு மேய்க்க இப்போது மாடு உள்ள வீட்டைத் தேட வேண்டும். உம்பளச்சேரி இனக் கன்று கிடைத்தால் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிறக்கும்போது செம்மை நிறத்தில் இருக்கும் கன்று, மாதங்கள் போகப் போகச் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். தீபாவளி லீவில் அதே கன்றை மறுபடி எடுத்தால் இரண்டு போட்டோவும் ஒரே கன்றுதான் என்று சத்தியம் செய்ய வேண்டியிருக்கும்.

தண்ணீர் வண்டி நாளில் வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை குடம் ஆகிறது என்று எண்ணலாம். மாலையில் கல்லணைக் கால்வாய்ப் பக்கம் போகலாம். மேட்டூர் அணையோடு 1934-இல் வந்த இந்தப் புது ஆறுதான் நம் பக்கத்து வயலுக்குக் காவிரியைக் கொண்டுவந்தது. மே மாதத்தில் பெரும்பாலும் வறண்டு கிடக்கும். தரையும் மதகும் தெரியும்போது பார்த்துக்கொள்ள இதுவே சமயம். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் வந்துவிட்டால் பெரியவர் துணையில்லாமல் அந்தப் பக்கம் விடாதீர்கள். சரிவுக்குக் கான்கிரீட் போட்ட இடங்களில் ஏறிவரப் பிடிமானம் கிடைக்காது. நீச்சலை முன்பே, இடுப்பளவுத் தண்ணீரில், நீந்தத் தெரிந்த மாமாவோ சித்தப்பாவோ கைநீட்டும் தூரத்தில் நின்று சொல்லித்தரட்டும். முகாமில் எதை விட்டாலும் இதை விடக் கூடாது.

இட்லி, முறுக்கு வியாபாரத்துக்கு ஒரு சாயங்காலம். அரிசி என்ன விலை, உளுந்து என்ன விலை, கேஸ் எவ்வளவு ஆச்சு என்று எழுதி விலை வைக்கட்டும். அம்மாவின் உழைப்புக்கு எவ்வளவு போடுவது என்ற கேள்வி அங்கே கட்டாயம் வரும். பதில் சொல்லாமல் நகர்ந்துவிடுங்கள், அவர்களே மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். எண்ணெய்ச் சட்டி மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.

பாட்டு, நடிப்பு, நடனம் மூன்றுக்கும் மொட்டைமாடியில் ஒரே இரவு போதும். கல்யாணசுந்தரம் சக்தி நாடக சபாவில் நடித்தவர். மிஷின் டிரைவருக்கு ரைஸ் மில்லில் ஒரு காலை.

அரசியலைத்தான் பெற்றோர் விட்டுவிடப் பார்ப்பார்கள். விடாதீர்கள். ஆறேழு பிள்ளைகளும் கூடித் தெருவில் என்ன குறை என்று பேசட்டும். எரியாத விளக்கு, மூடியில்லாத சாக்கடை, பத்தும் வரும். ஓட்டுப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். மனு அவர்கள் கையெழுத்திலேயே இருக்கட்டும், பிழையைத் திருத்தாதீர்கள். ஒரு பெரியவர் துணையோடு நகராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கொடுத்துவிட்டு, தேதி போட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிவரச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் விளக்கு எரியாவிட்டால், அந்தச் சீட்டோடு இன்னொரு முறை போய்வரலாம்.